கூட்டின் முன்னால் ஒரு கெமரா

எங்கள் பாடசாலையின் விஞ்ஞான அறைச் சுவரில் ஒரு புகைப்படம் தொங்குகிறது. செங்கல் விழுந்துபோன ஒரு மதில் துளை. அதன் வாசலில் கறுப்பும் வெள்ளையுமான ஒரு பறவை, சொண்டில் ஒரு பச்சைப் புழு. அதற்குப் பின்னால் இருட்டில் நான்கு மஞ்சள் வாய்கள் திறந்திருக்கின்றன. அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான். மேற்பார்வைக்கு வந்த அதிகாரிகள், பெற்றோர், பக்கத்து ஊர் ஆசிரியர்கள் என்று பலர் அதன் முன்னால் நின்று பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நான்கு வாய்களும் மறுநாள் லுஹருக்கு முன்னரே இல்லாமற் போய்விட்டன என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. மிக அண்மைக்காலம் வரை என் மனைவிக்கும் எனக்கும் மட்டுமே அது தெரிந்திருந்தது.

நான் செய்தது பிழையா என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. பிழைதான். அதற்குப் பின்னால் நிற்கிற வேறொரு கேள்விதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. ஒன்றின் மீது ஆசைகொண்டு அதை உற்றுப் பார்ப்பது எந்த இடத்தில் அதனிடமிருந்து எதையோ பறிப்பதாக மாறுகிறது? அந்த எல்லையைக் கடக்கிறபோது கடக்கிறவனுக்கு ஏன் அது தெரிவதில்லை?

பறவையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உம்மா அதைக் கறுப்பு வெள்ளைக் குருவி என்பார். புத்தகங்களில் குண்டுக்கரிச்சான் என்று எழுதுகிறார்கள். சிங்கள நண்பர்களுக்கு அது பொல்கிச்சா. வங்காளதேசத்தின் தேசியப் பறவையும் இதுதான்; அங்கே அதற்குப் பெயர் தொயேல். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரின் செந்நெஞ்சு ரொபின் ஞாபகத்தில் இதற்கும் ரொபின் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊர் ஞாபகத்தில் வைத்த பெயர்களில் பல பொருந்தாமற் போனதுண்டு. இது அவ்வளவு மோசமில்லை. இரண்டையும் இன்று ஒரே குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். வட இந்தியாவில் பெண் பறவை சாம்பல் நிறமாக இருக்குமாம். எங்கள் நாட்டில் அது ஆணைப் போலவே ஏறத்தாழக் கறுப்பு. இரண்டையும் பிரித்தறிய எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது.

அந்த ஒரு மாதம் கிடைத்தது 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கில். பாடசாலை மூடிக்கிடந்தது. பள்ளிவாசலும் மூடிக்கிடந்தது. மனைவியின் வீட்டு வளவுக்குள் நான் முதன்முறையாக வேலையில்லாத ஆம்பிளையாக இருந்தேன். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்துப் பதினைந்து வருடங்கள் அந்த வளவுக்குள் நடமாடியிருக்கிறேன். ஆனால், பின் மதிலோரத்தில் ஒரு சோடி கரிச்சான் தனக்கென்று எல்லை போட்டு வாழ்வதை அதுவரை கண்டதில்லை. சுபஹ் தொழுதுவிட்டுத் திண்ணையில் இருந்தால் முருங்கை உச்சியில் ஆண் பாடத் தொடங்கும். வாலை நிமிர்த்துவதும் விரிப்பதும் மடக்குவதுமாக, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் பக்கத்து வளவுக்குக் காது கொடுக்கும். அங்கேயிருந்து இன்னொரு ஆண் பதில் சொல்லும். நோட்டுக் கொப்பியொன்றில் நேரம் குறித்து எழுதி வைத்தேன். ஊரடங்கு தந்த நன்மை என்று எதையாவது சொல்லச் சொன்னால் அந்தக் கொப்பியைத்தான் காட்டுவேன்.

கொப்பியோடு நின்றிருக்கலாம். கட்டாரிலிருந்து திரும்பி வந்த மச்சான் ஒருவர் தனது பழைய கெனன் கெமராவையும் 250 மில்லிமீற்றர் வில்லையையும் மலிவாகத் தந்தார். அதன்பிறகு நான் பார்த்த விதமே மாறிப்போயிற்று. முன்னர் பறவை வந்தால் சந்தோஷம். இப்போது வந்தும் வெளிச்சம் சரியில்லையென்றால் கோபம். முதுகைக் காட்டிக்கொண்டிருந்தால் கோபம். எனக்காக வருகிற ஒன்றைப் போல அதனிடம் எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தேன். இந்த மாற்றம் நடந்தபோது எனக்கு விளங்கவில்லை. கொப்பியைப் பிறகு எடுத்துப் பார்த்தபோதுதான், கெமரா வந்த வாரத்தோடு குறிப்புகள் நின்றுபோயிருப்பதைக் கண்டேன்.

அடுத்து ஒரு குறுக்கு வழி கிடைத்தது. கரிச்சானின் பாட்டை யாரோ பதிவு செய்து வைத்திருந்ததை போனில் இறக்கினேன். அதை முருங்கையடியில் வைத்து ஒலிக்க விட்டதும் ஆண் பறவை பாய்ந்து வந்தது. நெஞ்சைப் புடைத்து, வாலை விசிறியாக்கி, போனுக்கு மேலிருந்த கிளையில் அங்குமிங்கும் தாவியது. நான் அதுவரை எடுத்ததில் மிக அழகான படங்கள் அன்றுதான் கிடைத்தன. அரை மணித்தியாலம் அதை அப்படியே வைத்திருந்தேன். இல்லாத எதிரியைத் தேடித் தேடி அது களைத்தது. நான் படத்தைப் பார்த்தேன், களைப்பைப் பார்க்கவில்லை.

அன்றிரவு எனக்கு அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை நாட்கள் ஞாபகம் வந்தன. அங்கே விஞ்ஞான விரிவுரையாளர் ஒருவர், ஆசிரியர்களும் ஆராய்ச்சி செய்யலாம் என்பதற்கு உதாரணமாக டேவிட் லெக் என்ற ஆங்கிலேயரைப் பற்றிச் சொல்லுவார். லெக் 1933இலிருந்து இங்கிலாந்தின் டெவன் பிரதேசத்திலுள்ள டார்ட்டிங்டன் என்ற பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவர். பாடசாலைச் சூழலில் வாழ்ந்த ரொபின்களின் கால்களில் நிற வளையங்கள் மாட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டு, நான்கு வருடங்கள் தொடர்ந்து அவதானித்தார். 1943இல் அந்தப் பறவையின் வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிறகு ஒக்ஸ்போர்டில் பறவை ஆய்வு நிறுவனமொன்றின் தலைவரானார். ரொபினின் சிவந்த நெஞ்சு பெண்ணை மயக்குவதற்கல்ல, எல்லைக்குள் வருகிற அந்நியனை மிரட்டுவதற்கே என்பதை உலகுக்கு விளங்கவைத்தவர் அவர். கிராமத்து வாத்திமாருக்கு இதைவிட உற்சாகம் தருகிற கதை வேறென்ன இருக்க முடியும்? கலாசாலை விடுதியில் நாங்கள் அதை எத்தனையோ நாள் பேசியிருக்கிறோம்.

ஆனால், அதை லெக் கண்டுபிடித்த விதத்தை அன்றிரவுதான் நான் வேறு கண்ணால் பார்த்தேன். பஞ்சு அடைத்த ஒரு செத்த ரொபினை அவர் உயிருள்ள ரொபினின் எல்லைக்குள் வைத்தார். அது பாய்ந்து கொத்தியது. தலையும் உடலும் இல்லாத வெறும் சிவப்பு இறகுக் கொத்தொன்றைக்கூட ரொபின் மிரட்டியது. ஒரு பறவை, பொம்மையை எடுத்துவிட்ட பின்னரும், பொம்மை இருந்த வெற்றுக் காற்றையே திரும்பத் திரும்பத் தாக்கியதாம். கலாசாலையில் இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். என் வளவில் அதே காரியத்தை ஒரு போனை வைத்து நான் செய்து முடித்த பின்னர் சிரிப்பு வரவில்லை.

லெக் அறிவுக்காகச் செய்தார், நீ அழகுக்காகச் செய்தாய் என்று ஒருவர் சொல்லலாம். அந்த வித்தியாசத்தை நான் மறுக்கவில்லை. சாலிம் அலியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் சுட்டு விழுத்திய ஒரு மஞ்சள் தொண்டைச் சிட்டுத்தான் அவரைப் பறவைகளின் பக்கம் திருப்பியது. இந்தியப் பறவைகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் எவ்வளவோ அவரிடமிருந்து வந்தவை. வாழ்நாள் முழுவதும் ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தவரும் அவர்தான். அதைக் கொண்டு அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சின்னத்தனம். ஆனால், இந்த நியாயங்கள் எல்லாம் மனிதன் பக்கத்துக் கணக்கு. காற்றைக் கொத்திக்கொண்டிருந்த பறவைக்கு, தன்னை ஏமாற்றியவன் லெக்கா, நானா, எதற்காக ஏமாற்றினான் என்பதில் வித்தியாசமேயில்லை.

நம்மவர்கள் நிய்யத்தைப் பற்றி நிறையப் பேசுவோம். எண்ணத்தைக் கொண்டே செயல்கள் தீர்மானிக்கப்படுகின்றன என்பது சிறுவயதிலேயே நமக்குச் சொல்லித் தரப்பட்டது. அது உண்மை. ஆனால், நிய்யத் தீர்மானிப்பது எனது நன்மை தீமையை. மற்றவர் இழந்ததை அது திருப்பிக் கொடுத்துவிடுவதில்லை. நல்ல எண்ணத்தோடு ஒருவருடைய பானையை உடைத்தாலும் உடைந்தது உடைந்ததுதான். நமது சமூகத்தில் நல்ல எண்ணம் என்ற சொல் பல இடங்களில் உடைந்த பானையை மூடிவைக்கிற துணியாகவே பயன்படுகிறது. இது கட்டுரைக்குப் புறம்பான விடயம், விட்டுவிடுகிறேன்.

2022 ஏப்ரல். நோன்பு மாதம், பாடசாலை விடுமுறை. நாட்டில் எரிபொருளுக்கு வரிசை; அதற்குச் சற்று முன்னர் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போயிருந்தது. வளவின் பின் மதிலில் ஒரு செங்கல் விழுந்த துளை இருக்கிறது. அதற்குள் கரிச்சான் கூடு வைத்திருந்தது. மனைவி நட்ட பீர்க்கங்கொடி மதிலில் ஏறி, துளையின் வாசலை இலைகளால் மூடியிருந்தது. தாயும் தகப்பனும் இலைக்கு அடியால் நுழைந்து வெளியே வரும். எனது வில்லைக்கோ இலை மட்டும்தான் தெரிந்தது.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அஸருக்குப் பின்னர், நோன்பு பிடித்த வாயோடு, சமையலறைக் கத்தியை எடுத்துப் போய் வாசலுக்கு முன்னாலிருந்த கொடியை வெட்டினேன். முழுவதையும் அல்ல. மூன்று இலையும் ஒரு தண்டும். பாயொன்றை மறைப்பாகக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். மேற்கு வெயில் நேரே துளைக்குள் விழுந்தது. தாய் வந்தது, புழுவோடு வாசலில் ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணம்தான் சுவரில் தொங்குகிற படம்.

இந்த வேலைக்குப் படக்காரர்களிடையே வெட்டித் துப்புரவாக்குவது என்று சாதாரணமாக ஒரு பேச்சு இருக்கிறது என்பதையும், இதனால்தான் பல புகைப்படப் போட்டிகள் கூட்டுப் படங்களை இப்போது ஏற்பதேயில்லை என்பதையும் பின்னர் அறிந்தேன். முன்னரே அறிந்திருந்தால் வெட்டாமல் விட்டிருப்பேனா? நேர்மையாகச் சொன்னால், மூன்று இலைதானே என்று அப்போதும் நினைத்திருப்பேன்.

மறுநாள் முற்பகல் பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தபோது மதிலில் இரண்டு காகங்கள். கரிச்சான்கள் இரண்டும் அவற்றின் தலைக்கு மேலால் பாய்ந்து பாய்ந்து கத்திக்கொண்டிருந்தன. கல்லெடுத்து எறிந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. மனைவி கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை.

“அந்தக் கொடி இருந்திருந்தா காகத்துக்குத் தெரிஞ்சிருக்காது, என்ன?” என்றாள். சற்றுப் பொறுத்து, “நோன்போட செஞ்சீங்களே” என்றாள்.

உணவையும் தண்ணீரையும் தொடாமல் வாயைக் கட்டியிருந்த அந்த நாளில், கண்ணைக் கட்டி வைக்க எனக்குத் தோன்றவில்லை. பசியைப் பற்றித் தெரிந்த அளவுக்குக் கண்ணின் பசியைப் பற்றி நான் யோசித்ததில்லை.

இதை நான் முதலில் சொல்லிய ஓர் ஆசிரிய நண்பர், “காகமும் அல்லாஹ்ட படைப்புத்தானே சேர், அதுக்கும் குஞ்சிருக்கும்” என்று ஆறுதல் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. காகத்தின் மீது எனக்குக் குறையுமில்லை. அதற்குப் பசி இருந்தது. எனக்கு என்ன இருந்தது?

உருவப்படம் கூடுமா கூடாதா என்ற பழைய வாதத்துக்குள் நான் நுழையவில்லை. அதை ஆலிம்கள் பேசட்டும். அந்த வாதம் படத்தைப் பற்றியது. எனது கவலை படமாக்கப்பட்டதைப் பற்றியது. பயணமொன்றில் தோழர்கள் ஒரு தாய்ப் பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, அது வந்து சிறகடித்துத் தவித்ததையும், நபியவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதையும் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தத் தோழர்களுக்குத் திருப்பி வைப்பதற்குக் குஞ்சுகள் இருந்தன. அடியாருக்குச் செய்த அநியாயத்துக்கு அந்த அடியாரிடமே மன்னிப்புப் பெற வேண்டும் என்றும் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். கரிச்சானிடம் நான் எந்த மொழியில் கேட்பது?

இந்த இடத்தில் எனது மாமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனைவியின் உம்மா. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது எங்கள் மாவட்டம்தான் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது. மாமியின் வீடும் போயிற்று. இன்றைய வீடு பிறகு கட்டியது. முகாமாகியிருந்த ஒரு பாடசாலையில் இருந்தபோது, நிவாரணப் பொதி கொடுக்க வந்தவர்களில் ஒருவர் மாமியைப் படமெடுத்தார். யாரிடமும் கேட்கவில்லை. மறு வருடம் அந்தப் படம் ஒரு கலண்டரில் வந்திருந்ததை ஊரில் யாரோ கொண்டுவந்து காட்டினார்கள். மாமி அதில் அழுதுகொண்டிருந்தார். அழுததைப் பற்றி மாமி ஒன்றும் சொல்லவில்லை. “என்ட முக்காடு விழுந்து கிடந்த நேரமா பார்த்து எடுத்திருக்கான்” என்றுதான் சொன்னார். மௌத்தாகும்வரை சொன்னார். வீட்டையும் சொந்தங்களையும் கடல் கொண்டுபோனதைப் பொறுத்துக்கொண்ட அந்த மனிசியால் இதைப் பொறுக்க முடியவில்லை. கடலுக்குக் கண் இல்லை. கெமராவுக்குப் பின்னால் இருந்தவனுக்குக் கண் இருந்தது.

அப்போது எனக்கு இருபது கடந்த வயது. அந்தப் படக்காரன் மீது எனக்கிருந்த கோபத்தை நான் மறக்கவில்லை. பின்னாளில் அவனது பக்கத்தையும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அப்படியான படங்களைப் பார்த்துத்தான் எங்கெங்கோ இருந்தவர்கள் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் வீடுகள் எழும்பின. படமே எடுக்காமல் கண்ணியமாகத் திரும்பிப் போயிருந்தால் எங்களுக்குக் கூரை கிடைத்திருக்குமா? இதற்கு இல்லை என்று பதில் வந்தாலும் மாமியின் முக்காடு சரியாகிவிடப் போவதில்லை. நன்மையும் நடந்தது, அநியாயமும் நடந்தது. இரண்டையும் ஒரே தராசில் போட்டு ஒன்றால் மற்றதைக் கழிக்க என்னால் முடியவில்லை. கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம். முக்காட்டைச் சரிசெய்ய ஒரு நிமிடம் கொடுத்திருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் அவனுக்கு வேண்டிய படம் இல்லாமற் போயிருக்கும். அதனால்தான் அவன் கேட்கவில்லை. மூன்று இலைகளும் அந்த ஒரு நிமிடத்தைப் போன்றவைதான்.

விரும்பினால் கெடுதி செய்யமாட்டோம் என்று நாம் நம்புகிறோம். இதே கரிச்சான் தென்கிழக்காசிய நாடுகளில் கூண்டுகளில் தொங்குவது வெறுப்பினால் அல்ல. அதன் பாட்டில் மயங்கித்தான் பிடிக்கிறார்கள். வெறுக்கிறவனுக்கு அதன் கூடு எங்கே இருக்கிறது என்று தேட நேரமிருக்காது.

இவ்வளவும் யோசித்த பிறகு படத்தைக் கழற்றிவிடலாம் என்று இருந்தேன். அங்கேதான் சிக்கல் வந்தது. தரம் எட்டில் ஒரு பையன். ஊரில் கவணால் அணிலும் குருவியும் அடிப்பதில் பெயர் எடுத்தவன். விஞ்ஞான அறைக்கு வருகிறபோதெல்லாம் அந்தப் படத்தின் முன்னால் நிற்பான். ஒரு நாள் வந்து, “சேர், இனி நான் குருவிக்கு அடிக்கிறல்ல” என்றான். ஏன் என்று கேட்டேன். “வாய்க்குள்ள பாருங்க சேர், மஞ்சள்” என்றான். அவ்வளவுதான். பதினைந்து வருடமாகச் சுற்றாடல் பாடம் படிப்பித்து என்னால் செய்ய முடியாததை அந்தப் படம் செய்திருந்தது. கொடியை வெட்டாமல் அந்த மஞ்சளை அவன் கண்டிருக்க முடியாது.

சந்தோஷப்படுவதா? அந்த நான்கின் உயிருக்குப் பதிலாக எத்தனையோ குருவிகள் தப்பின என்று கணக்கு முடிப்பதா? நான் முயன்று பார்த்தேன். பிழையிலிருந்து நன்மை வந்தால் அந்த நன்மை பொய்யாகிவிடாது. அந்தப் பிழையும் நியாயமாகிவிடாது. ஆனால், உண்மையை மறைத்துக்கொண்டு அந்த நன்மையை எனது பெயரில் வாங்கிக்கொள்வது மட்டும் சரியில்லை என்று பட்டது. அந்தப் பையன் என்னைக் குருவிகளின் நண்பன் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

கடைசியில் வகுப்பில் சொன்னேன். கொடி, கத்தி, காகம் எல்லாவற்றையும். சில பிள்ளைகள் சிரித்தார்கள். சிலர் படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பின் வாங்கிலிருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தி, “அப்ப சேர், அந்தப் படத்தப் பார்க்கிறதும் குற்றமா?” என்று கேட்டாள். அவளுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தெரியாது மகள் என்றேன். கவண் பையன் ஒன்றும் பேசவில்லை. அன்று முழுவதும் என் முகத்தை அவன் பார்க்கவுமில்லை. அது எனக்கு வலித்தது. வலிக்க வேண்டியதுதான். படம் இன்னமும் சுவரில் இருக்கிறது. அதன் கீழே, மறுநாள் நடந்ததை இரண்டு வரியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் முன்போலப் பாராட்டுவதில்லை. வாசித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள்.

இந்த வருடமும் பின் மதிலில் ஒரு சோடி திரிகிறது. அதே சோடிதானா என்று சொல்ல முடியாது. லெக்கிடம் நிற வளையங்கள் இருந்தன, என்னிடம் இல்லை. மனைவி மறுபடியும் பீர்க்கு நட்டாள். கெமரா அலுமாரிக்குள், வில்லையில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க ஒரு பேணி அரிசியோடு இருக்கிறது. போன கிழமை மகன் அதை எடுத்துக்கொண்டு வந்து, “வாப்பா, குருவியப் படமெடுக்கட்டா?” என்றான். கூட்டுப் பக்கம் போகாதே, அது தானாக மதிலில் வந்து இருந்தால் திண்ணையிலிருந்தே எடு என்றேன். திண்ணையிலிருந்து எடுத்தால் அது ஒரு கறுப்புப் புள்ளியாகத்தான் வரும் என்பது அவனுக்கும் தெரியும். அரை மணித்தியாலம் இருந்து பார்த்தான். பிறகு, “கொஞ்சம் கிட்டப் போகட்டா?” என்று கேட்டான்.

வேண்டாம் என்று சொல்லி கெமராவை வாங்கினேன். வாங்கிய கையோடு நானும் ஒருமுறை வில்லைக்குள்ளால் மதிலைப் பார்த்தேன்.